எட்டு கிராம் உப்பு

வானிலை நிலையம்,
ஜூன் 5, வியாழன்

அக்காவுக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட வேண்டாம். நான் சமாதானம் பேச எழுதவில்லை. சமையலில் சந்தேகம் கேட்க எழுதுகிறேன். இரண்டும் வேறு வேறு.

இந்தத் தீவுக்கு மாற்றலாகி வந்து நான்கு மாதம் ஆகிறது. கருவிகள் என் பொறுப்பு. காற்று எத்தனை வேகம், மழை எத்தனை மில்லிமீட்டர், வெயில் எத்தனை டிகிரி என்று மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பதிவேட்டில் எழுத வேண்டும். நிலையத் தலைவர், ரேடியோக்காரர், ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக், நான் என்று மொத்தம் நான்கு பேர். ஐந்தாவதாக ஒரு சமையல்காரர் இருந்தார். போன வாரம் பல்வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படகேறினார். கூடவே மூன்று பெட்டியும் ஏறியது. ஒரு பல்லுக்கு மூன்று பெட்டி எதற்கு என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

இனி யார் சமைப்பது என்று சீட்டுக் குலுக்கினோம். சீட்டு எழுதியவர் மெக்கானிக். 'தராசு' என்று வந்தது. ஆமாம், நீ வைத்த பட்டப்பெயர் கடல் தாண்டி இங்கேயும் வந்து சேர்ந்துவிட்டது.

நேற்று முதல் சமையல். சோறு அடியில் களி, மேலே அரிசி. "ஒரே பானையில ரெண்டும் எப்படி வந்துச்சு?" என்று தலைவர் கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையான ஆர்வத்தில்தான் கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியவை: நான்கு பேருக்கு அரிசி எத்தனை கிராம், தண்ணீர் எத்தனை மில்லி. பருப்பு வேக எத்தனை நிமிஷம். உப்பு எவ்வளவு. இங்கே போன் கிடையாது. ரேடியோவில் வானிலை தவிர வேறு எதுவும் பேசக்கூடாது. படகு வியாழக்கிழமை மட்டும் வரும், ஒரு மணி நேரம் நிற்கும். அதனால்தான் கடிதம்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: இப்போது அடுப்பில் இருக்கிற பருப்பில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது. நான் ஒரு தடவை போட்டேன். மெக்கானிக் எனக்கு உதவுவதாக நினைத்து இன்னொரு தடவை போட்டார். என்ன செய்வது? அவசரம்.

*

ஜூன் 9, திங்கள்

தம்பிக்கு,

அவசரம் என்று போட்ட கடிதம் சனிக்கிழமை வந்தது. கடையை மூடிவிட்டு இன்று பதில் எழுதுகிறேன். உன் கைக்கு வியாழக்கிழமை கிடைக்கும். அந்தப் பருப்பு இப்போது எப்படி இருக்கிறது?

மூன்று வருஷம் கழித்து வருகிற கடிதத்தில் நலமா என்று ஒரு வார்த்தை இல்லை. ஏப்ரலில் பத்து நாள் காய்ச்சலில் கிடந்தேன். கேட்க நாதியில்லை. போகட்டும், இப்போது எழுந்து நடமாடுகிறேன், கடை நடக்கிறது.

நான் எதையும் மறக்கவில்லை. மே பதினொன்று, மதியம் பன்னிரண்டரை. அச்சகத்து ஆட்கள் நாற்பது பேர் என் சாப்பாட்டுக் கடையில் தட்டில் கை வைத்திருந்த நேரம். இரண்டு நாளாக என் உப்புக் கிண்ணத்தைத் திருட்டுத்தனமாக நிறுத்துப் பார்த்துவிட்டு, அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி, "அக்கா, நேத்தைவிட இன்னிக்குப் பருப்புல எட்டு கிராம் உப்பு அதிகம்" என்று சொன்னவன் நீ. அதுவரை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பைண்டர், அந்த நிமிஷத்திலிருந்து தண்ணீர் தண்ணீர் என்று கத்த ஆரம்பித்தார். அப்போதுதான் நான் கரண்டியை ஓங்கி வாசலைக் காட்டினேன். நீயும் போனாய். தராசை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனாய்.

சரி, நாலு பேர் வயிற்றுப் பிரச்சினை. கேட்டுக்கொள். அரிசியைக் கழுவி அரை மணி ஊற வை. பானையில் அரிசிக்கு மேல் விரலை நிறுத்தினால் தண்ணீர் முதல் கணுவரை நிற்க வேண்டும். கொதித்ததும் தீயைக் குறைத்து மூடு. மூடியைத் திறந்து திறந்து பார்க்காதே, நீ பார்ப்பாய் என்று எனக்குத் தெரியும். பருப்பில் உப்பை முதலிலேயே போட்டால் சீக்கிரம் வேகாது, மசிந்த பிறகுதான் போட வேண்டும். உப்பு கூடிப்போனால் உருளைக்கிழங்கை நறுக்கிப் போடு, அது உறிஞ்சிவிடும் என்று பலர் சொல்வார்கள். உருளைக்கிழங்குதான் உப்பாகும். உப்பில்லாமல் இன்னும் கொஞ்சம் பருப்பை வேகவைத்து அதில் கலந்துவிடுவது ஒன்றுதான் வழி.

நாலு பேர் பருப்புக்கு என் கையால் ஒரு பிடி உப்பு.

அக்கா

*

ஜூன் 12, வியாழன்

அக்காவுக்கு,

நலமா? (கேட்டுவிட்டேன்.)

படகு நிற்கிறது, ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். விரலின் முதல் கணு என்கிறாய். யாருடைய விரல்? உன் கடிதத்தைப் படித்ததும் நால்வர் விரலையும் அளந்தேன். எனக்கு இருபத்துநான்கு மில்லிமீட்டர். மெக்கானிக்குக்கு முப்பத்தொன்று. தலைவருக்கு இருபத்தாறு. ரேடியோக்காரர் விரல் நுனியைச் சின்ன வயதில் கதவில் கொடுத்துவிட்டார், அவருக்குப் பத்தொன்பது. மெக்கானிக் விரலை வைத்துச் சமைத்தால் கஞ்சி, ரேடியோக்காரர் விரலை வைத்துச் சமைத்தால் சுண்டல் என்பது என் கணிப்பு.

அந்த உப்புப் பருப்பு ஞாயிறுவரை இருந்தது. நாங்களும் இருக்கிறோம்.

இந்த வாரத்து மற்ற நிகழ்ச்சிகள்: மெக்கானிக் மிளகாய் நறுக்கிய கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று மாலைவரை ஜெனரேட்டரைத் தடவித் தடவித்தான் பார்த்தார். முட்டை பொரிக்கும்போது எண்ணெயில் தீப்பிடித்தது. ரேடியோக்காரர் வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார். நீ அந்தக் காலத்தில், எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றினால் கூரைவரை எழும்பும், மூடியால் மூடி அடுப்பை அணை என்று கத்தியது ஞாபகம் வந்தது. மூடினேன். அணைந்தது. வாளித் தண்ணீரை அவர் ஓடி வந்த வேகத்தில் என் மேல் ஊற்றினார்.

கடைசியாக, 'என் கையால் ஒரு பிடி' என்பது ஓர் அளவு இல்லை. உன் கை இங்கே இல்லை. எத்தனை கிராம் என்று எழுது.

தம்பி

*

ஜூன் 16, திங்கள்

தம்பிக்கு,

என் கை அங்கே இல்லையென்றால் அனுப்பிவிட வேண்டியதுதானே. இத்துடன் ஐந்து பொட்டலம் உப்பும் இரண்டு பொட்டலம் மிளகாய்த்தூளும் வருகின்றன. 'பருப்பு, நாலு பேர்' என்று எழுதியவை மூன்று. மூன்று நாள் தனித்தனியாக எடுத்துக் கட்டினேன். 'பருப்பு, நாற்பது பேர்' என்று எழுதியவை இரண்டு. மிளகாய்த்தூளிலும் அதே மாதிரி சின்னது ஒன்று, பெரியது ஒன்று. உன் தராசில் நிறுத்து, எண்களை ஒழுங்காக எழுதி எனக்கு அனுப்பு. எதற்கு என்று கேட்காதே. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

தபால் ஆபீஸில் என் மானம் போயிற்று. அங்கே இருக்கிற பெண் ஒவ்வொரு பொட்டலமாகத் தட்டிப் பார்த்தாள்.

"இது என்னங்க?"

"உப்பு."

"இது?"

"அதுவும் உப்புதான்."

"தீவுக்கா அனுப்புறீங்க? அங்க சுத்தி கடல்தானேங்க?"

வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். உன்னால் எனக்கு எப்போதும் நாலு பேர் முன்னால்தான் அவமானம்.

வெங்காயம் வதக்கும்போது ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் தண்ணீர் விட்டுச் சீக்கிரம் வதங்கும். நறுக்குகிற பலகைக்கு அடியில் ஈரத்துணி போடு, நகராது. கத்தியைத் தீட்டி வை. மொண்ணைக் கத்திதான் விரலை வெட்டும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போட்டு வைக்காதே, இரண்டும் சீக்கிரம் கெடும். முட்டை நல்லதா என்று தெரிய வேண்டுமானால் தண்ணீரில் போட்டுப் பார். மிதந்தால் கடலிலேயே வீசிவிடு.

மிளகாய் நறுக்கினால் கையில் முதலில் எண்ணெய் தடவிக் கழுவி, பிறகு சோப்புப் போடச் சொல் அந்த மெக்கானிக்கிடம்.

அக்கா

*

ஜூன் 19, வியாழன்

அக்காவுக்கு,

பொட்டலங்கள் வந்தன. படகுக்காரர் அவற்றை என்னிடம் கொடுக்கும்போது ஒரு மாதிரியாகப் பார்த்தார். "உப்புங்க" என்றேன். "நான் ஒண்ணும் கேக்கலையே" என்றார்.

படகு நிற்கும்போதே நிறுத்துவிட்டேன். நாலு பேர் உப்பு: 9.1 கிராம், 9.0 கிராம், 9.1 கிராம்.

அக்கா, நான் இரண்டு தடவை நிறுத்தேன். தராசைத் துடைத்துவிட்டு மூன்றாம் தடவையும் நிறுத்தேன். மூன்று நாளில் மூன்று பிடி, வித்தியாசம் பத்தில் ஒரு கிராம். இங்கே அரசாங்கம் கொடுத்த மழைமானி இதைவிட அதிகமாகத் தப்பு செய்கிறது. தலைவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "உங்க அக்காவை இங்க வேலைக்கு எடுத்துக்கலாமா?" என்றார். உன் கையைப் பற்றி அன்று நான் பேசியது தப்பு என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் எட்டு கிராம் எட்டு கிராம்தான். ஆனால் உன் கை ஒரு கருவி. அதை ஒப்புக்கொள்கிறேன்.

சின்ன மிளகாய்த்தூள் 4 கிராம், பெரியது 38. ஆனால் ஒன்று புரியவில்லை. நாற்பது பேர் உப்புப் பொட்டலம் ஒன்று 84 கிராம். இன்னொன்று 121. இரண்டிலும் உன் கையெழுத்துதான். இது ஒரே ஆள் எடுத்தது மாதிரி இல்லை. கடை இரைச்சலில் எடுத்தாயா?

சோறு இப்போது சோறு மாதிரி இருக்கிறது. மூடியைத் திறக்காமல் இருப்பதுதான் கஷ்டம். அதன் மேல் பதிவேட்டை வைத்துவிட்டேன்.

தம்பி

*

ஜூன் 23, திங்கள்

தம்பிக்கு,

கை ஆடிவிட்டது. அதற்கு ஒரு பஞ்சாயத்தா. உன் வேலையைப் பார்.

நீ எழுதிய எண்களைக் காய் நறுக்குகிற அம்மாவிடம் கொடுத்துச் சுவரில் ஒட்டச் சொன்னேன். அவள், "உங்க தம்பியா எழுதினது? அவர் பேரை எடுத்தாலே முறைப்பீங்களே" என்றாள். கேள்வி கேட்காமல் ஒட்டு என்றேன்.

இங்கே புதிதாக ஒன்றுமில்லை. அச்சகத்தில் பிழை திருத்துகிற பெரியவர் தினமும் வருகிறார். கொஞ்ச நாளாக, உட்கார்ந்ததும் உப்பு ஜாடியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்கிறார். "எனக்குப் பிரஷர் கம்மிம்மா, டாக்டர் சேத்துக்கச் சொல்லியிருக்கார்" என்கிறார். சில நாள் பருப்பில் தண்ணீரை ஊற்றிக்கொள்கிறார். "தொண்டை சரியில்லம்மா, நீர்க்க இருந்தாதான் எறங்கும்." மனிதருக்கு வயதாகிறது, என்ன செய்வது. முந்தாநாள் பால் தீய்ந்துவிட்டது. நான் பக்கத்தில்தான் நின்றேன். காய் நறுக்குகிறவள் வந்து சொன்ன பிறகுதான் பார்த்தேன். பாத்திரத்தில் வெந்நீரும் சோடா உப்பும் ஊற்றி ஊற வைத்தால் தீய்ந்தது பெயர்ந்து வரும், நீயும் தெரிந்துகொள்.

எனக்கு ஒரு வேலை செய். வெங்காயம் எத்தனை நிமிஷத்தில் எந்த நிறத்துக்கு வருகிறது, பருப்பு எத்தனை நிமிஷத்தில் மசிகிறது, எண்ணெய் காய்ந்தால் பார்க்க எப்படி இருக்கிறது, இதையெல்லாம் எழுதி அனுப்பு. வாசனை, ருசி எதுவும் வேண்டாம். கண்ணால் பார்த்ததும் கடிகாரமும் மட்டும்.

அக்கா

*

ஜூன் 26, வியாழன்

அக்காவுக்கு,

நீ கேட்ட அட்டவணை நான்கு பக்கம், இத்துடன் இருக்கிறது. எண்ணெய் காய்ந்ததும் மரக்கரண்டியின் காம்பை உள்ளே நிறுத்தினால் சுற்றிலும் குமிழி வருகிறது. அதுவே அடையாளம்.

ஒரு செய்தி. சமையலறையைப் பெருக்கும்போது அந்தச் சீட்டுக் குலுக்கிய டப்பா கிடைத்தது. மீதி மூன்று சீட்டிலும் 'தராசு' என்றுதான் இருக்கிறது. மெக்கானிக்கைக் கேட்டேன். "நாலு பேர்ல நீங்க ஒருத்தர்தான் அளந்து செய்வீங்க. நாங்க சமைச்சிருந்தா நாலு பேரும் பல்வலின்னு கிளம்பியிருக்கணும்" என்றார். கோபப்படுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் அவருக்கு இன்னொரு முட்டை பொரித்துக் கொடுத்தேன்.

இனி நான் எழுதப்போவது உனக்குப் பிடிக்காது. ஆனாலும் கேட்கிறேன்.

உன் கடையில் பால் தீய்ந்தால் தெருமுனையில் செருப்புத் தைப்பவர் எழுந்து வந்து எட்டிப் பார்ப்பார். நீ பக்கத்தில் நின்றிருக்கிறாய். வாசனை வேண்டாம், கண்ணும் கடிகாரமும் போதும் என்கிறாய். 84, 121. பெரியவருக்குப் பிரஷர் கம்மி என்கிறாய். ஒரு நாள் உப்புப் போட்டுக்கொண்டு மறுநாள் தண்ணீர் ஊற்றிக்கொள்கிற பிரஷரை நான் கேள்விப்பட்டதில்லை. கருவி இப்படி ஏறி இறங்கினால் நான் முதலில் கருவியைத்தான் சந்தேகப்படுவேன்.

அக்கா, அந்தக் காய்ச்சலில் உனக்கு என்ன ஆயிற்று?

தம்பி

*

ஜூன் 30, திங்கள்

தம்பிக்கு,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். மூன்று தடவை திட்டினேன்.

போய்விட்டதடா. வாசனையும் போய்விட்டது, ருசியும் போய்விட்டது. காய்ச்சல் விட்டு எழுந்த அன்று காலையில் காபி குடித்தேன். வெந்நீர் மாதிரி இருந்தது. பால்காரரோடு சண்டை போட்டேன். மறுநாள் ஒரு கல் உப்பை நாக்கில் வைத்தேன். சின்னக் கூழாங்கல் மாதிரி இருந்தது. பால்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். டாக்டர், "வரலாம், வராமலும் போகலாம், நாளாகும்" என்றார். அதைச் சொல்ல ஒரு டாக்டர் எதற்கு.

யாரிடமும் சொல்லவில்லை. சாப்பாட்டுக் கடைக்காரிக்கு நாக்கு இல்லையென்றால் யார் வந்து உட்காருவார்கள்? நாலு பேருக்குச் சமைப்பதென்றால் எனக்குக் கைக்கணக்கு. நாற்பது பேருக்கு நாக்குக் கணக்கு. கொஞ்சம் கொட்டுவேன், ருசி பார்ப்பேன், ஏற்றுவேன். இருபது வருஷமாக அப்படித்தான். இப்போது கொட்டிவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன். நாலு பேர் அளவைப் பத்து மடங்கு ஆக்கினால் வரும் என்று நினைக்காதே. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வற்றுகிற கணக்கு வேறு. கரித்துவிடும்.

அச்சகத்துக்காரர்களுக்குத் தெரிந்துவிட்டது. என்ன என்று தெரியாது, ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரியும். எதிர்ச்சாரியில் புதிதாக ஒரு கடை வந்திருக்கிறது. அச்சகத்து மேனேஜர் வந்து, "ஜூலை பதினாலாம் தேதி திங்கக்கிழமை நானே வந்து சாப்பிடறேன். நல்லாயிருந்தா இங்கயே. இல்லன்னா எதிர்க் கடைதான். தப்பா நினைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நாற்பது பேரும் போய்விட்டால் எனக்குக் கடை இல்லை. கடை இல்லாவிட்டால் நான் யார் என்று எனக்குத் தெரியவில்லை.

உன் முதல் கடிதம் வந்தபோது கிழிக்கத்தான் கையை வைத்தேன். 'எத்தனை கிராம்' என்ற வரியில் நின்றுவிட்டேன். கிராம் பேசியதற்காக உன்னைத் துரத்தினேன். இன்றைக்கு எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். உன் முகத்தைப் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதால் எழுதிவிட்டேன். நேரில் சொல்லியிருக்க மாட்டேன்.

நாற்பது பேருக்கு எத்தனை கிராம், தம்பி?

அக்கா

*

ஜூலை 3, வியாழன். படகில் இருந்து கூப்பிடுகிறார்கள்.

அக்காவுக்கு,

முதலில் இது. நாற்பது பேர் முன்னால் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. உப்பு கூடுதல் என்று தெரிந்தால் பின்கட்டுக்கு வந்து காதோடு சொல்லியிருக்க வேண்டும். எனக்கு எண் கிடைத்தால் உடனே வாசிக்க வேண்டும், அது என் வியாதி. மன்னித்துக்கொள்.

இரண்டாவது. எண்ணைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான் இருக்கிறது, நாற்பது பேருக்குச் சமைத்துப் பார்ப்பது. இங்கே இருப்பது நாலு பேர். அதனால் என்ன. மழைநீர் பிடிக்கிற அண்டா ஒன்று இருக்கிறது, உன் அண்டா அளவுதான். இன்று தொடங்கி மூன்று தடவை சமைப்பேன். உன் விஷயத்தை இவர்களிடம் சொல்லவில்லை. அக்கா கடைக்கு அளவு வேண்டும் என்று மட்டும் சொன்னேன். மெக்கானிக் தன் வயிற்றைத் தடவிக்கொண்டு சரி என்றார்.

மூன்றாவது, முக்கியமானது. அழுத்தமானி இறங்கத் தொடங்கியிருக்கிறது. இந்த மாதத்தில் காற்று இப்படித் திரும்பினால் அடுத்த வியாழன் படகு வருவது சந்தேகம். கடிதம் வராவிட்டால் பயப்படாதே. தினமும் காலை ஆறு மணிக்கு ரேடியோவில் மீனவர்களுக்கான வானிலை அறிக்கை வரும். எங்கள் தலைவர்தான் வாசிப்பார். எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் 'கருவிச் சோதனை' என்று சில எண்கள் வாசிப்பார். பதினோராம் தேதி வெள்ளி முதல் பதினாலாம் தேதி திங்கள் வரை கேள். முதல் எண் உப்பு. இரண்டாவது மிளகாய்த்தூள். மூன்றாவது வெங்காயத்துக்கான நிமிஷம்.

ரேடியோவில் வேறு எதுவும் பேசக்கூடாது என்று சட்டம். பதினோரு வருஷ வேலையில் நான் ஒரு சட்டத்தையும் மீறியதில்லை. தயங்கித் தயங்கித்தான் தலைவரிடம் கேட்டேன். அவர், "அந்தச் சோதனை எண்ணைப் பதினாறு வருஷமா வாசிக்கிறேன். ஒருத்தர்கூட அது என்னன்னு கேட்டதில்ல. நாலு நாளாவது யாருக்காவது உபயோகப்படட்டும்" என்றார்.

மருந்துக் கடையில் ஒரு தராசு இரவல் வாங்கு.

தம்பி

*

ஜூலை 14, திங்கள். கடை மூடிய பிறகு.

தம்பிக்கு,

படகு வரவில்லை. நீ சொன்னபடியே ஆயிற்று. இங்கேயும் மூன்று நாள் காற்றும் மழையும்.

மருந்துக் கடைக்காரரிடம் தராசு கேட்டபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீங்களா?" என்றார். அன்று பன்னிரண்டரை மணிக்கு அவரும் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் ரேடியோவை அடுப்பு மேடையில் வைத்துக்கொண்டு நானும் காய் நறுக்குகிறவளும் உட்கார்ந்தோம். அவளிடம் அதற்கு முன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "மே மாசத்துலயே தெரியும்மா. நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன்" என்றாள். உங்கள் தலைவருக்கு நல்ல குரல். காற்று, அலை, மழை எல்லாம் சொல்லிவிட்டு, "கருவிச் சோதனை. எண்பத்திரண்டு. முப்பத்தாறு. பதினேழு" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெங்காயம் என்று சொல்லித் தப்பிக்கலாமென்றால் அவள் நறுக்கிக்கொண்டிருந்தது உருளைக்கிழங்கு.

சனிக்கும் ஞாயிறுக்கும் அதே எண். இன்று காலையும் அதே எண்தான். ஆனால் அதற்கு முன்னால், "புயல் கடந்துவிட்டது, கரையோர ஊர்களில் இன்று வெயில் மிகக் கடுமையாக இருக்கும்" என்றும் வாசித்தார். அதை நான் காதில் வாங்கிக்கொண்டேன் என்றுகூட நினைக்கவில்லை.

பருப்பு மசிந்ததும் எண்பத்திரண்டு கிராம் நிறுத்துப் போட்டேன். நீ சொன்னதற்கு ஒரு கல் கூடக்குறைய இல்லை. திரும்பினேன். அதற்குள் என் கை தானாகக் கிண்ணத்துக்குள் போய் இன்னும் ஒரு பிடி எடுத்துவிட்டது. காய் நறுக்குகிறவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி சொன்னது எம்பத்திரெண்டும்மா." "தெரியும், விடு." "அப்ப நிறுத்துட்டுப் போடுங்க." அவளும் உன் கட்சிக்கு மாறிவிட்டாள். அவள் விடவில்லை, நிறுத்தோம்.

எட்டு கிராம்.

நாங்கள் இருவரும் தராசையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு நான் போட்டுவிட்டேன். ஏன் போட்டேன் என்று எனக்குத் தெரியாது. நாக்குதான் இல்லை, கையாவது எனக்காகப் பேசட்டும் என்று போட்டேன்.

மேனேஜர் வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நாற்பது பேரும் அப்படித்தான், வேர்த்து விறுவிறுத்து வந்தார்கள். அவர் முதல் வாய் எடுத்ததும் நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அங்கே ஒட்டியிருந்த உன் எண்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். பிறகு, "இன்னும் கொஞ்சம் பருப்பு" என்றார். பைண்டர் மூன்றாம் தடவை வாங்கினார். மேனேஜர் கை கழுவப் போகும்போது, "எதிர்க் கடைக்காரர்கிட்ட நான் என்ன சொல்றதுன்னு தெரியல" என்றார். "வணக்கம் சொல்லுங்க" என்றேன்.

பிழை திருத்துகிற பெரியவர் இன்று உப்பு ஜாடியைத் தொடவில்லை. தண்ணீரும் ஊற்றவில்லை. போகும்போது ஜாடியை மேசை நடுவில் பழைய இடத்தில் நகர்த்தி வைத்துவிட்டு, "பிரஷர் சரியாயிடுச்சும்மா" என்றார். இரண்டு மாதமாக இந்த மனிதர் என் பிழையை யாருக்கும் சொல்லாமல் தன் தட்டிலேயே திருத்திக்கொண்டிருந்திருக்கிறார்.

எனக்கு இன்னும் ஒன்றும் ருசிக்கவில்லை. இன்றைய பருப்பு நன்றாக இருந்தது என்று நாற்பது பேர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆனால் இன்று நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

அந்த எட்டு கிராம் மட்டும் மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. நீதான் கணக்குப் பார்க்கிறவன். பார்த்துச் சொல்.

அக்கா

*

ஜூலை 17, வியாழன்

அக்காவுக்கு,

படகு வந்தது. உன் கடிதத்தை இறங்குதுறையில் நின்றபடியே சத்தமாக வாசித்தேன். "வணக்கம் சொல்லுங்க" என்ற இடத்தில் ரேடியோக்காரர் கை தட்டினார். படகுக்காரரும் என்ன ஏது என்று தெரியாமல் தட்டினார்.

இவர்கள் கை தட்ட உரிமை உள்ளவர்கள். எட்டு நாள் காலையும் மதியமும் இரவும் பருப்பு. முதல் அண்டாவில் தொண்ணூற்றொன்று போட்டேன், கரித்தது. இரண்டாவதில் எழுபத்தாறு, சப்பென்று இருந்தது. மூன்றாவதில் எண்பத்திரண்டு. நால்வரும் சரி என்றார்கள். நடுவில் புயல், மீன் பிடிக்கவும் வழியில்லை. ஆறாம் நாள் மெக்கானிக் பருப்பைப் பார்த்து வணங்கிவிட்டு, சாப்பிடாமல் எழுந்து போனார். இன்றைய படகில் சமையல்காரர் திரும்பி வந்திருக்கிறார், ஒரு பல் குறைவாக, மூன்று பெட்டியோடு. "மதியத்துக்குப் பருப்பு வைக்கட்டுமா?" என்று கேட்டார். பாவம், அவருக்குத் தெரியாது.

இப்போது அந்த எட்டு கிராம்.

எல்லா நிலையங்களின் பழைய பதிவேட்டு நகல்களும் இங்கே என் அறை அலமாரியில் இருக்கின்றன. மூன்று வருஷத்துக்கு முந்தைய மே மாதத்தை எடுத்தேன். நான் அப்போது உன் ஊர் நிலையத்தில்தானே வேலை பார்த்தேன். மே பத்து, மதியம் பன்னிரண்டு மணி: 33.6 டிகிரி, மேகமூட்டம். மே பதினொன்று, மதியம் பன்னிரண்டு மணி: 41.2 டிகிரி. அந்த மாதத்திலேயே அதிக வெயில் அன்றைக்குத்தான். பக்கத்தில் கையெழுத்து. என்னுடையது.

பன்னிரண்டு மணிக்கு நாற்பத்தொரு டிகிரி என்று என் கையால் எழுதிவிட்டு, பத்து நிமிஷம் நடந்து உன் கடைக்கு வந்து, உப்பு அதிகம் என்று சொல்லியிருக்கிறேன். அச்சகத்தில் சூடேறிய இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று வேர்த்துக் கொட்டினவர்களுக்கு அன்று எட்டு கிராம் கூடத் தேவைப்பட்டது. உன் கை எடுத்துப் போட்டது. இங்கே நான் மூன்று அண்டாவும் காற்றிலும் மழையிலும் சமைத்தேன், எங்களில் ஒருவரும் வேர்க்கவில்லை. அதனால் எண்பத்திரண்டு. வெயிலுக்கு எண்பத்திரண்டு போதாது. வெயில் என்று நாங்கள் வாசித்ததைக் கேட்டதும் நீ தொண்ணூறு ஆக்கினாய். நாக்கு இல்லாமலே ஆக்கினாய்.

மூன்று வருஷமாக இந்தப் பதிவேடு இருக்கிறது, அக்கா. ஒரு நாளும் புரட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. உப்பை அளந்தேன், வெயிலையும் அளந்தேன், இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

பத்து நாள் லீவு கேட்டேன். தலைவர், "நாங்க பருப்புலேர்ந்து தேறவே பத்து நாள் ஆகும், போயிட்டு வாங்க" என்றார். அடுத்த வியாழன் படகில் ஏறினால் வெள்ளிக்கிழமை அங்கே இருப்பேன். அந்தப் பக்கத்தைப் பதிவேட்டிலிருந்து நகல் எடுத்துக் கொண்டுவருகிறேன். சரியாகப் பன்னிரண்டரை மணிக்கு, நாற்பது பேரும் தட்டில் கை வைத்திருக்கும்போது எழுந்து நின்று வாசிப்பேன். பைண்டரை முன்வரிசையில் உட்கார வை.

கரண்டியை மட்டும் கொஞ்சம் தள்ளி வை.

இப்படிக்கு,
தராசு